பத்தாண்டுக்குப் பிறகு எத்தனை யூனிட்?
நாட்டின் ஆற்றல் தேவையை வகுப்பறையில் கணக்கிடுவோம்

ஆற்றல் வளங்கள் பற்றிய பாடத்தை நடத்தும்போது நிலக்கரி எங்கே கிடைக்கிறது, அணுமின் நிலையங்கள் எங்கே உள்ளன, காற்றாலைகள் எங்கே சுழல்கின்றன என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். மாணவர்களும் வரைபடத்தில் இடங்களைக் குறித்து மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பாடத்திலிருந்து இயல்பாக எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இன்னும் பத்து ஆண்டுகளில் நம் நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். எங்கள் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியருடன் சேர்ந்து, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இந்தக் கேள்வியை நான்கு பாடவேளைகளாகப் பிரித்து நடத்தி வருகிறேன். கூட்டு வட்டி தெரிந்த எந்த மாணவரும் இதைச் செய்ய முடியும். தேவையானவை வீட்டு மின் கணக்கீட்டு அட்டை, தாள், பென்சில் மட்டுமே. அந்த நான்கு பாடவேளைகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் இந்தக் கணக்கு?

ஓர் அனல்மின் நிலையத்தைத் திட்டமிட்டு, கட்டி, மின்சாரம் எடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். அணுமின் நிலையத்துக்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். ஆகவே 2035-இல் எரிய வேண்டிய விளக்குக்கான முடிவை இன்றே எடுத்தாக வேண்டும். மதிப்பீடு தவறினால் இரண்டு பக்கமும் இழப்புதான்.

தேவையைக் குறைத்து மதிப்பிட்டாலோ, திட்டமிட்ட நிலையங்கள் காலத்தில் வந்து சேராவிட்டாலோ என்ன ஆகும் என்பதை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. பொதுத்தேர்வு எழுதவிருந்த பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார்கள். சிறு தொழிற்கூடங்கள் டீசல் செலவைத் தாங்க முடியாமல் வேலை நேரத்தைக் குறைத்தன.

தேவையை மிகுத்து மதிப்பிட்டாலும் இழப்பு உண்டு. 2018-இல் நாடாளுமன்றத்தின் எரிசக்தி நிலைக்குழு, நாடு முழுவதும் நெருக்கடியில் சிக்கியிருந்த 34 அனல்மின் திட்டங்களைப் பற்றி அறிக்கை அளித்தது. அவற்றின் மொத்தத் திறன் 40,130 மெகாவாட். நிலக்கரி கிடைக்காமை, மின்சாரத்தை வாங்க ஒப்பந்தம் இல்லாமை, முதலீட்டுச் சிக்கல் எனக் காரணங்கள் பல. தேவை எதிர்பார்த்த வேகத்தில் வளராததும் அவற்றுள் ஒன்று. அவற்றில் முடங்கியது பெரும்பாலும் வங்கிக் கடன், அதாவது பொதுமக்களின் சேமிப்பு.

இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் சொன்ன பிறகுதான் கரும்பலகையில் முதல் எண்ணை எழுதுவேன்.

முதல் பாடவேளை: கூட்டு வட்டியே கருவி

2021-22-இல் இந்தியாவின் மின்சாரத் தேவை சுமார் 1.38 லட்சம் கோடி யூனிட். இது ஆண்டுக்கு 5, 6, 7 விழுக்காடு என்ற மூன்று வேகங்களில் வளர்ந்தால் 2031-32-இல் எவ்வளவு இருக்கும்? வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேகத்தைக் கொடுக்கிறேன். பத்து ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் விடைகள் இவை:

5 விழுக்காடு எனில் 2.25 லட்சம் கோடி யூனிட்.
6 விழுக்காடு எனில் 2.47 லட்சம் கோடி யூனிட்.
7 விழுக்காடு எனில் 2.71 லட்சம் கோடி யூனிட்.

மத்திய மின்சார ஆணையம் 2022-இல் வெளியிட்ட இருபதாவது மின்தேவை ஆய்வறிக்கையும் 2031-32-க்கு ஏறத்தாழ 2.47 லட்சம் கோடி யூனிட் என்றே மதிப்பிட்டிருக்கிறது. தாங்கள் போட்ட கணக்கு அரசு அறிக்கையின் எண்ணோடு ஒத்துப்போவதைக் கண்டதும் இரண்டாம் குழு கைதட்டும். ஆனால் அறிக்கை அந்த எண்ணை அடைந்த வழி வேறு. அதை அடுத்த பாடவேளைக்கு வைத்துவிட்டு, இப்போது அடுத்த கேள்வியைக் கேட்கிறேன். ஐந்துக்கும் ஏழுக்கும் இடையே இருப்பது இரண்டே விழுக்காடு. அந்த வித்தியாசம் பெரிதா, சிறிதா?

1,000 மெகாவாட் நிலையம் ஒன்று தன் திறனில் 70 விழுக்காட்டில் ஆண்டு முழுவதும் ஓடினால், 1,000 × 8,760 × 0.7 = 61,32,000 மெகாவாட் மணி, அதாவது சுமார் 613 கோடி யூனிட் தரும். மேலே உள்ள முதல், மூன்றாம் விடைகளின் வேறுபாடு ஏறத்தாழ 46,700 கோடி யூனிட். அதை 613-ஆல் வகுத்தால் 76 வருகிறது. இரண்டு விழுக்காட்டு அனுமானத்தில் 76 பெரிய மின் நிலையங்கள் அடங்கியிருக்கின்றன! கூட்டு வட்டிப் பாடத்தில் எத்தனை கணக்குகள் கொடுத்தாலும் பதியாத உண்மை இந்த ஒரு கணக்கில் பதிந்துவிடுகிறது.

இரண்டாம் பாடவேளை: துறை துறையாகப் பிரித்தல்

கூட்டு வளர்ச்சிக் கணக்கில் ஒரு குறை உண்டு. நேற்று வளர்ந்தது போலவே நாளையும் வளரும் என்று அது கருதிக்கொள்கிறது. மின்சாரம் எதற்காகச் செலவாகிறது என்பது அதற்குத் தெரியாது. இந்தியாவின் மின்நுகர்வில் தொழில்துறையின் பங்கு சுமார் 41 விழுக்காடு. வீடுகள் கால் பங்கு, வேளாண்மை 18 விழுக்காட்டை ஒட்டி, வணிகம் 8 விழுக்காடு. எஞ்சியது ரயில், தெருவிளக்கு, குடிநீர் வழங்கல் போன்றவை. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால், வெவ்வேறு வேகத்தில் வளர்கின்றன.

எனவே வல்லுநர்கள் ஒவ்வொரு துறையிலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். எத்தனை? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு? இரண்டையும் பெருக்கினால் அந்தத் துறையின் தேவை. எல்லாத் துறைகளையும் கூட்டினால் நாட்டின் தேவை. மத்திய மின்சார ஆணையத்தின் ஆய்வும் பெருமளவு இப்படித்தான் இறுதிப் பயன்பாட்டிலிருந்து தொடங்கி மேலே கூட்டிச் செல்கிறது.

வகுப்பில் 1,000 வீடுகள் உள்ள ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்கிறோம். வீட்டுக்கு 3 மின்விசிறி. ஒவ்வொன்றும் 75 வாட். நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள். 1,000 × 3 × 0.075 × 10 × 300 = 6,75,000 யூனிட்.

பத்தாண்டுக்குப் பிறகு அந்த ஊரில் 1,200 வீடுகள். வீட்டுக்கு 4 விசிறி. ஆனால் எல்லாம் 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறிகள். 1,200 × 4 × 0.03 × 10 × 300 = 4,32,000 யூனிட். வீடும் கூடியது, விசிறியும் கூடியது, மின்சாரமோ குறைந்துவிட்டது. மாணவர்கள் தங்கள் கணக்கையே நம்பாமல் மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். குண்டு பல்புகள் போய் எல்.இ.டி. விளக்குகள் வந்தபோது நாடு முழுவதும் நடந்தது இதுதான். 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட் எல்.இ.டி. செய்கிறது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டுள்ளன.

இப்போது அதே ஊரில் நான்கில் ஒரு வீட்டில் ஏ.சி. வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 300 ஏ.சி., ஒவ்வொன்றும் மணிக்கு 1 யூனிட், நாளுக்கு 6 மணி நேரம், கோடையில் 120 நாள். 2,16,000 யூனிட். விசிறியோடு கூட்டினால் 6,48,000. விசிறியில் மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதியை ஏ.சி. விழுங்கிவிட்டாலும், மொத்தம் பழைய அளவைவிடச் சற்றுக் குறைவுதான்.

இங்கே நிறுத்தினால் பாடம் பாதிதான். கோடை இரவு பத்து மணிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் எவ்வளவு மின்திறன் வேண்டும்? முன்பு 1,000 × 3 × 0.075 = 225 கிலோவாட். பிறகு விசிறிகளுக்கு 144, ஏ.சி.களுக்கு 300, மொத்தம் 444 கிலோவாட். ஆண்டு முழுவதற்குமான யூனிட் குறைந்திருக்கிறது. ஆனால் உச்ச நேரத் தேவை ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. ஊரின் டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்பதை முடிவு செய்வது ஆண்டுக் கணக்கு அல்ல, அந்த ஓர் இரவுதான். மின்சாரத்தை மதிப்பிடுவோர் யூனிட்டை ஒரு பத்தியிலும் உச்சத் தேவையை இன்னொரு பத்தியிலும் எழுதுவதன் காரணம் இதுவே.

இது வெறும் கற்பனையல்ல. 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், அப்போது சுமார் 8 விழுக்காட்டு வீடுகளில் மட்டும் இருந்த ஏ.சி. 2037-38-இல் 40 விழுக்காட்டு வீடுகளை எட்டும் என்று மதிப்பிட்டுள்ளது.

தொழில்துறைக்கு எஃகை எடுத்துக்கொள்ளலாம். 2017-ஆம் ஆண்டின் தேசிய எஃகுக் கொள்கை, ஆள்வீத எஃகு நுகர்வு சுமார் 61 கிலோவிலிருந்து 2030-31-இல் 158 கிலோவாக உயரும் என்று கருதியது. 'எத்தனை' என்ற கேள்விக்கு விடை இது. 'ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு' என்பது செய்யும் முறையைப் பொறுத்தது. இரும்புத் தாதிலிருந்து செய்யும் எஃகைவிட, பழைய இரும்பை மின் உலையில் உருக்கிச் செய்யும் எஃகுக்கு மிகக் குறைந்த ஆற்றலே போதும். ஆனால் அது நிலக்கரிக்குப் பதிலாக மின்சாரத்தைக் கேட்கும்.

மூன்றாம் பாடவேளை: மீட்டரில் தெரியாத தேவை

வளரும் நாடுகளில் இந்தக் கணக்கு மேலும் கடினமாவது இங்கேதான். நுகர்வு வேறு, தேவை வேறு. எட்டு மணி நேரம் மின்வெட்டு இருந்த நாளில் மீட்டர் காட்டும் யூனிட் அந்த வீட்டின் நுகர்வு மட்டுமே. கிடைத்திருந்தால் பயன்படுத்தியிருப்பார்கள் அல்லவா? மின்வெட்டு ஆண்டுகளின் எண்களை அப்படியே அடிப்படையாக வைத்து எதிர்காலத்தைக் கணித்தால், பற்றாக்குறையையே அடுத்த பத்தாண்டுக்கும் எழுதி வைத்ததாகிவிடும்.

வேளாண்மையில் பல மாநிலங்களில் மீட்டரே இல்லாத பம்புசெட்டுகள் உண்டு. தமிழ்நாட்டில் உழவர்களுக்கு இலவச மின்சாரம் வழங்கப்படுவதால் நம் மாணவர்கள் பலருக்கு இது வீட்டு விஷயம். 5 குதிரைத்திறன் மோட்டார் என்பது 3.73 கிலோவாட். ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் 2,984 யூனிட். 7 மணி நேரம் ஓடினால் 5,222 யூனிட். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம்தான் ஊகிக்க வேண்டும். நிலத்தடி நீர் 100 அடியிலிருந்து 200 அடிக்கு இறங்கினால், அதே தண்ணீரை இறைக்க ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் வேண்டும். ஆக, மழையும் ஆற்றல் கணக்கில் ஓர் உறுப்பு.

விறகு அடுப்பு இன்னொரு எடுத்துக்காட்டு. சாதாரண விறகு அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் பாத்திரத்தைச் சேர்கிறது. எரிவாயு அடுப்பில் பாதிக்கும் மேல் சேர்கிறது. ஒரு குடும்பம் விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறினால் அதே சோற்றைக் குறைந்த ஆற்றலில் பொங்குகிறது. ஆனால் பொறுக்கி வந்த சுள்ளிக்கு ரசீது கிடையாது, சிலிண்டருக்கு உண்டு. மேம்போக்காகப் பார்த்தால் தேவை கூடியது போலத் தோன்றும்.

போக்குவரத்திலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட்டுக்கு நிகரான ஆற்றல் இருக்கிறது. ஆக 18 யூனிட். மின் ஸ்கூட்டர் அதே தூரத்தை ஏறக்குறைய 3 யூனிட்டில் கடந்துவிடும். நாட்டின் மொத்த ஆற்றல் தேவை குறைகிறது, மின்சாரத் தேவை கூடுகிறது. எண்ணெய், நிலக்கரி, மின்சாரம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வது கண்ணில் படாது.

இந்தப் பாடவேளையில்தான் ஒரு முறை, கணக்கெடுப்புத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், எங்க வீட்ல ஃபிரிட்ஜ் இல்ல. இந்தக் கணக்குல நாங்க எங்க வர்றோம்?"

தாளில் 'இன்று', 'பத்தாண்டுக்குப் பிறகு' என இரண்டு பத்திகள் இருந்தன. இன்று என்ற பத்தியில் அவள் வீட்டுக்கு நேராக 0. அடுத்த பத்தியில் 0 எழுதுவதா, 1 எழுதுவதா என்று வகுப்பையே கேட்டேன். "இன்று இல்லை, அதனால் நாளையும் 0" என்றான் ஒருவன். "அப்ப அவங்க வீட்டுக்கு வரவே வராதா?" என்று இன்னொருவன் மடக்கினான். பேசி முடித்து, 1 என்று எழுதினார்கள். இந்தியாவின் ஆள்வீத ஆண்டு மின்நுகர்வு 2021-22-இல் 1,255 யூனிட். அந்தச் சராசரிக்குக் கீழே கோடிக்கணக்கான வீடுகள் உள்ளன. அந்த வீடுகளுக்கு நேராக எந்த எண்ணை எழுதுகிறோம் என்பது கணக்கு மட்டுமல்ல, அவர்கள் எப்படி வாழப்போகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம் என்பதும்தான். பணக்கார நாட்டின் மதிப்பீட்டுக்கும் வளரும் நாட்டின் மதிப்பீட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேள்வியே விளக்கிவிட்டது.

நான்காம் பாடவேளை: பழைய மதிப்பீடுகளுக்கு மதிப்பெண் போடுதல்

கடைசிப் பாடவேளையில் மாணவர்கள் திருத்துநர்களாக மாறுகிறார்கள். 2021-22-ஆம் ஆண்டின் தேவையைப் பற்றி முன்பே சொல்லப்பட்ட இரண்டு மதிப்பீடுகளைக் கரும்பலகையில் எழுதுகிறேன்.

2011-இல் வெளியான பதினெட்டாவது ஆய்வறிக்கை: 1.905 லட்சம் கோடி யூனிட், உச்சத் தேவை சுமார் 2.83 லட்சம் மெகாவாட்.
2017-இல் வெளியான பத்தொன்பதாவது ஆய்வறிக்கை: 1.566 லட்சம் கோடி யூனிட், உச்சத் தேவை சுமார் 2.26 லட்சம் மெகாவாட்.
உண்மையில் நிகழ்ந்தது: 1.38 லட்சம் கோடி யூனிட், 2.03 லட்சம் மெகாவாட்.

பிழை விழுக்காட்டை மாணவர்களே காண்கிறார்கள். யூனிட் கணக்கில் முதலாவது 38 விழுக்காடும், இரண்டாவது 13 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகவும் மிகைப்பட்டிருக்கின்றன. ஏன் என்று கேட்டால் பட்டியல் தாங்களாகவே போடுவார்கள்: தொழில் வளர்ச்சி எதிர்பார்த்த அளவு இல்லை, விளக்குகளும் கருவிகளும் சிக்கனமாகின, கொரோனா வந்தது. கொரோனாவை எந்த வல்லுநரும் கணக்கில் சேர்த்திருக்க முடியாது. முந்தைய இரண்டையும் ஓரளவாவது சேர்த்திருக்கலாம். தொலைவு கூடக் கூடப் பிழையும் கூடுகிறது என்பதையும் அவர்கள் கவனிக்கிறார்கள்.

அப்படியானால் எப்போதும் மிகையாகத்தான் சொல்வார்களா? அந்த முடிவுக்கும் அவசரமாக வரக்கூடாது. 2021-22-க்குப் பிறகு தேவை வேகமெடுத்தது. 2024 மே மாத இறுதியில் நாட்டின் உச்சத் தேவை 2.5 லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 47,000 மெகாவாட் கூடுதல். முதல் பாடவேளையின் முறையில் கணக்கிட்டால் ஆண்டுக்கு 7 விழுக்காட்டை ஒட்டி வருகிறது.

இதனால்தான் நீண்டகால மதிப்பீட்டில் ஒரே ஓர் எண்ணைச் சொல்வதைவிடப் பல வழிகளைக் காட்டுவது நல்லது. 2014-இல் திட்டக்குழு வெளியிட்டு, பின்னர் நிதி ஆயோக் புதுப்பித்துவரும் 2047-க்கான ஆற்றல் கணிப்பான் இப்படி அமைந்தது. ஒவ்வொரு துறையிலும் மிகக் குறைந்த முயற்சி முதல் அசாத்திய முயற்சி வரை நான்கு நிலைகள். எந்தத் துறையில் எந்த நிலையைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதற்கேற்ப மொத்தத் தேவை மாறும். எங்கள் வகுப்பில் கணினி இல்லாமலே இதைச் செய்கிறோம். விசிறி, ஏ.சி., பம்புசெட், ஸ்கூட்டர் என நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் நான்கு நிலைக்கும் நான்கு விடை தயாரிக்கும். பிறகு வகுப்பு விவாதித்து ஒவ்வொன்றிலும் ஒரு நிலையைத் தேர்ந்தெடுக்கும்.

தொடக்கநிலை வகுப்புகளுக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் இதைத் தகவல் செயலாக்கப் பாடத்தோடு இணைக்கலாம். வீட்டில் எத்தனை விளக்கு, எத்தனை விசிறி என்று எண்ணி வந்து, நேர்க்கோட்டுக் குறிகளால் பட்டியலிட்டு, படவிளக்கப்படம் வரையலாம். 'தாத்தா சிறுவராக இருந்தபோது வீட்டில் என்னென்ன இருந்தன?' என்று கேட்டு வரச் சொன்னால், ஐம்பது ஆண்டு ஆற்றல் வரலாறு ஒரே நாளில் வகுப்புக்கு வந்துவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது வகுப்பில் பேசுபொருளாகக் கூடாது. பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் எண்களை மட்டும் எழுதி ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது வகுப்பின் மொத்தம்தான். அந்த மாணவி தானாக முன்வந்து கேட்டாள் என்பதற்காக எல்லாக் குழந்தைகளும் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

முடிவில் ஒரு வேண்டுகோள். மாணவர்கள் தயாரிக்கும் மதிப்பீட்டுத் தாளில் தேதி, அனுமானங்கள், விடை மூன்றையும் தெளிவாக எழுதச் செய்து, தலைமையாசிரியரிடம் கொடுத்துப் பள்ளியிலேயே பாதுகாத்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வரும் வகுப்பு அதை எடுத்து, நிகழ்ந்த எண்ணோடு ஒப்பிட்டு, பிழை விழுக்காட்டைக் காணட்டும். எந்த அனுமானம் பொய்த்தது என்று தேடட்டும்.